நாலாம் அறையில் திருத்த வேலை

பலெர்மோவில் யுத்தம் மே மாதம் பதினேழாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. அனுமதி இலவசம். மழை பெய்தால் யுத்தம் மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படும் என்று அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே ஐஸ்கிரீம் கொண்டுவரக் கூடாது என்றும் போட்டிருந்தார்கள்.

யுத்தம் குரோவேசியாவினுடையது. முப்பத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு அங்கே நடந்ததை இங்கே மறுபடி நடத்திக் காட்டும் பொறுப்பை ‘யுத்தகால அன்றாட வாழ்வு நினைவு நிறுவகம்’ தலையில் போட்டுக்கொண்டிருந்தது. லிபெர்த்தா பகுதியில் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளம்தான் நிறுவகம். ஏன் குரோவேசியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. நிதி கொடுத்தவர்கள் மூன்று நிபந்தனை விதித்திருந்தார்கள். யுத்தம் இரண்டு மணித்தியால விமானப் பயணத்துக்குள் இருக்க வேண்டும். முடிந்து இருபத்தைந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அதை நினைத்து இப்போது யாரும் கோபப்படக் கூடாது. முதல் இரண்டுக்கும் குரோவேசியா அச்சாகப் பொருந்தியது. மூன்றாவதைத் தாங்களே பார்த்துக்கொள்வதாக நிறுவகம் எழுதிக் கொடுத்துவிட்டது.

வதனியின் யுத்தம் இரண்டிலுமே பெயில். விமானத்தில் பத்து மணித்தியாலத்துக்கு மேல். முடிந்து பதினாறு வருடம்தான். அதனால் அவளுக்கு அந்த நிறுவகத்தில் ஒரு அலுவலும் இல்லை. அவள் சின்யோரா நெவென்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவள், அவ்வளவுதான். விசுவமடுவில் பிறந்து, வவுனியா முகாமில் ஒன்றரை வருடம் இருந்து, அக்காவின் புருஷன் எடுத்த ஸ்பொன்சரில் இத்தாலிக்கு வந்தவள். சின்யோராவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கி ஆறு வருடம். சின்யோராவுக்கு எழுபத்தொன்பது வயது. குரோவேசியாவில் ஆற்றங்கரையோரச் சிறு பட்டணம் ஒன்றில் இருந்தவர். யுத்தத்தின் நடுவில் மகள் இங்கே அழைத்து வந்தாள். மகள் இப்போது வடக்கே தோரினோவில். வதனியும் சின்யோராவும் இத்தாலியனை வளர்ந்த பிறகு படித்தவர்கள் என்பதால், இரண்டு பேருக்கும் இலக்கணம் சமமாகப் பிழைத்தது. ஆகையால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு உடனே விளங்கிவிடும். சின்யோராவின் இத்தாலியன் வதனியின் காதில் வன்னித் தமிழாகத்தான் விழும்.

நிறுவகத்துக்கு ஒரு ‘அத்தாட்சி பெற்ற சாட்சி’ தேவைப்பட்டது. நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரே குரோவேசியக்காரி சின்யோராதான். ஒருங்கிணைப்பாளர் ஒர்னெல்லா, பட்டம் படித்தவள் என்பதால் எல்லாருக்கும் தோத்தோரெஸ்ஸா, ஒரு பெட்டி கன்னோலி இனிப்பும் முப்பது கேள்விகளுமாக வீட்டுக்கு வந்தாள். சாட்சி என்றால் சும்மா இருந்து பார்த்தவர் போதாதாம். பரீட்சையில் தேறவும் வேண்டும்.

ஏழாம் கேள்வி: சைரன் ஒலித்ததும் நீங்கள் செய்தது என்ன?

“உருளைக்கிழங்கைப் பொரிச்சு முடிச்சனான். எண்ணெய் கிடைக்கிறதே அருமை. அடுப்பிலை விட்டிட்டு ஓடேலுமே?” என்றார் சின்யோரா.

பிழை. சரியான விடை, ‘நிலவறைக்கு ஓடினேன்.’

பன்னிரண்டாம் கேள்வி: நீங்கள் மிகவும் பயந்தது எதற்கு? குண்டுக்கா, பசிக்கா, குளிருக்கா?

“மூண்டாம் மாடியிலை இருந்த மனுசனுக்கு.”

அப்படி ஒரு விடை தாளில் இல்லை. சின்யோராவுக்கு முப்பதுக்கு ஒன்பது புள்ளி. தோத்தோரெஸ்ஸா மனம் வருந்தினாள். ஆனாலும் ஒழுங்குவிதியில் இதற்கும் வழி இருந்தது: எட்டு மணித்தியால நினைவுகூரும் பயிற்சி. இரண்டு வாரம் செவ்வாயும் வியாழனும் பின்னேரம், தான் கண்டதை எப்படிக் கண்டிருக்க வேண்டும் என்று சின்யோரா படித்தார். நாற்காலியைத் தள்ளி வந்த குற்றத்துக்காக வதனியும் பின்வரிசை வாங்கில் இருந்தாள். கடைசி நாள் நேரம் போகாமல் அவளும் தாளை நிரப்பிக் கொடுத்தாள். முப்பதுக்கு முப்பது.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று தோத்தோரெஸ்ஸா வியந்தாள்.

“வீட்டிலை படிச்சனான்,” என்றாள் வதனி.

சின்யோராவுக்கு இருபத்திரண்டு கிடைத்தது. லமினேட் செய்த சான்றிதழும் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளாடைகளுக்கு அடியில் சமையலறைத் துவாயில் சுற்றிய ஒரு பித்தளைத் தகடு. ஆறு வருடமாக அந்தத் தட்டை அடுக்குகிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? கேட்டதுதான் இல்லை.

தகட்டில் ஒரு பெயர் வெட்டியிருந்தது: மிலான் ஒப்ராடோவிச். நாலு மூலையிலும் நாலு ஓட்டை.

மிலான் சின்யோராவின் புருஷன். புவியியல் வாத்தியார். அவர் சேர்பியர், சின்யோரா குரோவேசியர். தொண்ணூற்றொன்றாம் ஆண்டுக் கோடை வரைக்கும் அந்தக் கட்டடத்தில் அது ஒரு செய்தியே இல்லை. பிறகு எல்லாருமாகச் சேர்ந்து அதைச் செய்தியாக்கினார்கள். கடைக்காரி காலை வணக்கத்தை நிறுத்தினாள். நிலவறையில் யார் எங்கே இருப்பது என்று தன்பாட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. கலப்புக் கலியாணம் செய்தவர்களுக்குக் கதவோரம், குளிர் வரும் பக்கம். மூன்றாம் மாடிக்காரன் குடியிருப்போர் சங்கத் தலைவன். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதினான். ஆட்கள் மணி அடிக்கும் முன்பு கதவில் இருந்த பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள்.

“செப்டெம்பரிலை ஒருநாள் மிலான் பள்ளிக்கூடத்தாலை வரமுந்தி நான்தான் கழட்டினனான்,” என்றார் சின்யோரா. “மனுசன் வந்து கதவடியிலை கொஞ்ச நேரம் நிண்டது. பிறகு உள்ளை வந்து, வீடு மாறி வந்திட்டனோ எண்டு நினைச்சன் எண்டு சொல்லிச்சுது. வேறை ஒண்டும் சொல்லேல்லை. ஒக்டோபரிலை காலமை ரெண்டு பேர் வந்தாங்கள். பேர் இல்லைத்தானே, எந்தக் கதவெண்டு தெரியாமல் நிண்டாங்கள். மூண்டாம் மாடிக்காரன் இறங்கி வந்து கையாலை காட்டினான். ஒரு கையெழுத்துத்தான், அரை மணித்தியாலத்திலை விட்டிடுவம் எண்டாங்கள்.”

அந்த அரை மணித்தியாலம் இன்னும் முடியவில்லை.

“நான் கழட்டின பேரை நானே ஒரு சுவரிலை திருப்பிப் பூட்டவேணும், வதனி. இவை சுவர் வைச்சிருக்கினம். அதுக்குத்தான் உந்தச் சோதினை எல்லாம் எழுதினனான்.”

வதனி தகட்டை வாங்கித் துவாயிலேயே சுற்றி வைத்தாள். அன்று இரவு முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய கோப்பையை மறுபடி கழுவினாள்.

நிறுவகத்தின் இயக்குனர் புரொபெசோரே தல்யாவியா. கழுத்தில் பட்டுத்துண்டு இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. யுத்தங்களைப் பற்றி ஏழு புத்தகம் எழுதியிருந்தார். ஏழிலும் யாரும் யாரையும் சுடவில்லை. தகட்டைப் பூட்ட இடம் கேட்டுப் போன சின்யோராவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பதில் சொன்னார்.

“அன்புக்குரிய சின்யோரா, எங்கள் நிறுவகம் யுத்தத்தைப் பற்றியது. யார் யாரோடு சண்டை பிடித்தார்கள் என்பது எங்கள் துறை அல்ல. ஒரு பெயரைச் சுவரில் எழுதினால், அவருக்கு என்ன நடந்தது என்று பார்வையாளர் கேட்பார். அதைச் சொன்னால், யார் செய்தது என்று கேட்பார். இப்படியே போனால் அது எங்கே போய் முடியும்?”

“மூண்டாம் மாடியிலை,” என்றார் சின்யோரா.

புரொபெசோரே ஒரு படிவத்தை எடுத்தார். பாதிக்கப்பட்டவர் பதிவுப் படிவம். ‘பாதிப்பை ஏற்படுத்திய தரப்பு’ என்ற இடத்தில் இரண்டு கட்டம் இருந்தது: எதிரி, இயற்கை. மூன்றாம் மாடிக்காரன் சின்யோராவின் ஆள், சின்யோராவின் பாஷை, சின்யோராவின் கோயில். எதிரி என்று போட முடியாது. இயற்கை என்று போட சின்யோரா சம்மதிக்கவில்லை.

“அப்படியென்றால் இது நாலாம் அறைக்குரிய விஷயம்,” என்று புரொபெசோரே நிம்மதியாக மூச்சுவிட்டார்.

கண்காட்சியில் நாலு அறை. முதலாவது சமையலறை. இரண்டாவது பாண் வரிசை. மூன்றாவது நிலவறை. நாலாம் அறையின் வாசலில் ‘அரசியல் பதற்றங்கள்’ என்று அழகான பலகை தொங்கியது. அதற்குக் கீழே இன்னொரு பலகை: ‘திருத்த வேலைக்காகத் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.’ இரண்டு பலகையும் ஒரே நாளில், ஒரே கடையில் செய்வித்தவை.

“திருத்த வேலை எப்ப முடியும்?” என்று வதனி கேட்டாள்.

“அதைத் திருத்த வேலை தொடங்கிய பிறகுதான் சொல்ல முடியும்,” என்றார் புரொபெசோரே.

வீட்டு வாசலில் சின்யோரா நாற்காலியை நிறுத்தச் சொன்னார். “தொண்ணூத்தொண்டிலை பிரசைப் பத்திரம் எடுக்க நாலு மணித்தியாலம் வரிசையிலை நிண்டனான். யன்னலடியிலை இருந்தவள் புருசன்ரை பேர் என்னெண்டு கேட்டாள். சொன்னன். மத்தியானச் சாப்பாடு எண்டு யன்னலைச் சாத்தினாள். நேரம் ஒன்பதரை. இவனும் அவளின்ரை இனம்தான். துண்டு மட்டும் பட்டு.”

நிறுவகத்தின் திருத்த வேலைகளுக்கெல்லாம் ஒரே ஆள்தான். மன்னாரில் இருந்து வந்த றெஜி. கூட்டுவது, ஆணி அடிப்பது, பல்ப் மாற்றுவது எல்லாம் அவன். நாலாம் அறையின் திறப்பும் அவனிடம்தான். தும்புத்தடிகளையும் வாளிகளையும் அதற்குள்தான் வைத்திருந்தான். யுத்தத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவன் வதனிக்குப் போன் எடுத்தான்.

“அக்கா, உங்களுக்குப் பங்கர் அடிக்கத் தெரியுமே?”

“ஏன், ஆர் அடிக்கப்போறாங்கள்?”

“ஐயோ, அதில்லை அக்கா. மூண்டாம் அறைக்கு நிலவறை செய்து தாறம் எண்டு கொம்பனிக்காரன் மண்மூட்டை இறக்கிப்போட்டுப் போயிட்டான். உள்ளுக்கு எல்லாம் பாரமே இல்லாத ரெஜிபோம். நான் தும்ம ரெண்டு மூட்டை விழுந்து போச்சு. புரொபெசோரே நிண்டு கத்துறார். யுத்தத்திலை எப்பிடி இருந்ததோ அப்பிடியே இருக்கவேணுமாம்.”

யுத்தத்தில் எப்படி இருந்ததோ அப்படியே. அந்த ஒரு வசனம்தான் வதனியைக் கெடுத்தது. எந்த யுத்தம் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பங்கர் என்று யாராவது சொன்னால் அவள் கை தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிடும். மொண்டெல்லோக் கடற்கரையில் மண் அள்ளினால் அபராதம் என்று றெஜி சொன்னான். அவனுடைய மச்சான் சியாகுல்லியில் தோடம்பழத் தோட்டத்தில் வேலை செய்கிறவன், வான் நிறைய மண் கொண்டுவந்து கொட்டினான். சாக்கு போதவில்லை. வதனி தன்னுடைய பழைய சேலைகளையும், அக்காவிடமும் தெரிந்தவர்களிடமும் வாங்கிய சேலைகளையும் வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, வாயை மடித்துத் தைத்தாள். வன்னியில் கடைசி மாதங்களில் சாக்குக்கு எங்கே போவது? கூறைச் சேலை வரைக்கும் மண்மூட்டையானது அங்கேதான். வாயை இரண்டு மடிப்பு மடித்தால் மண் கசியாது என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தவன் அண்ணன் வசீகரன். வாசலை நேராக வைக்காமல் ‘ட’ வடிவில் வளைத்துக் கட்டினாள், துப்பாக்கிச் சன்னம் உள்ளே வராதபடி. வண்டு அடித்து நகரசபை வெட்டிப்போட்ட ஈச்சமரக் குற்றிகளை றெஜி எங்கிருந்தோ உருட்டி வந்தான். அதைப் பனங்குற்றி போல மேலே பரப்பினாள். ஜாம் போத்தல் மூடியில் ஓட்டை போட்டு, திரி விட்டு, விளக்கும் செய்து வைத்தாள்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஐரோப்பாவில் ஐந்து மாடிக் கட்டடத்தின் நிலவறையில் சேலையும் ஜாம் போத்தல் விளக்கும் எங்கே இருந்து வரும்?

“றெஜி, பிழை விட்டிட்டன்டா. இது புதுக்குடியிருப்புப் பங்கர்.”

“சத்தம் போடாதேங்கோ அக்கா. அந்தா வருகினம்.”

புரொபெசோரே வந்தார், கூடவே ரோமாபுரியிலிருந்து நிபுணர் ஒருவர். நிபுணர் குனிந்து ஒரு மண்மூட்டையைத் தடவினார். ஊதாப் பூப்போட்ட நைலெக்ஸ். அவர் கண் கலங்கியது.

“கிழக்குக் குரோவேசியா, ஸ்லாவோனியக் கிராமத்துக் கைத்தறி,” என்றார். “இந்தப் பூவேலையைப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன்.”

“எங்கள் நிறுவகம் எப்போதும் மூலத்திலிருந்தே எடுக்கும்,” என்றார் புரொபெசோரே.

அடுத்த நாள் சின்யோராவைக் கூட்டிவந்து காட்டினாள் வதனி. அவர் நாற்காலியை வளைந்த வாசலுக்குள் தள்ளச் சொல்லி, விளக்கையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது எங்கடை நிலவறை இல்லை,” என்றார் மெதுவாக. “ஆனால் இதுக்குள்ளை ஆரோ உண்மையாப் பயந்திருக்கினம்.”

வதனிக்கு அழுகை வந்தது. தும்புத்தடி எடுக்கிற சாட்டில் நாலாம் அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அங்கே அழும்போதுதான் யோசனை வந்தது என்று பிறகு அவள் சொல்வாள். அவளுக்கு ஆணைக்குழுக்களில் நல்ல பழக்கம். வசீகரனைத் தேடி ஐந்து ஆணைக்குழுவுக்கு முன்னால் இருந்தவள். ஐந்தாவது, நாலாவது கொடுத்த இலக்கத்தைக் கேட்டது; நாலாவது, இலக்கம் எதுவும் கொடுக்கவில்லை என்று கடிதம் கொடுத்தது. ஆனால் வன்னியில் விட்டுவிட்டு வந்த சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு படிவம் போட்டாளே, அதற்குப் பதினோராம் நாள் பதில் வந்தது. ‘உரிமையாளர்: வசீகரன்’ என்று அரசாங்க முத்திரையோடு, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். அண்ணன் பெயர் அச்சில் வந்த ஒரே கடிதம் அது. ஆளைக் கேட்டால் உலகத்தில் எந்தக் கந்தோரும் கதவைச் சாத்தும். சாமானைக் கேட்டால் கதிரை போட்டு இருத்தும்.

“சின்யோரா, உங்கடை புருசனை நாங்கள் குடுக்கவேண்டாம்,” என்றாள். “தகட்டைக் குடுப்பம்.”

பொருட்கள் பிரிவு மேல்மாடியில் இருந்தது. அதற்குத் தனிக் குழு, தனிப் படிவம். பொருளின் பெயர்: பெயர்ப்பலகை. உலோகம்: பித்தளை. நீளம் பன்னிரண்டு, அகலம் ஐந்து. எழுத்து வேலைப்பாடு: உண்டு. உரிமையாளர். பொருளை விட்டு உரிமையாளர் பிரிந்த விதம், நாற்பது சொல்லுக்கு மேற்படாமல். சின்யோரா சொல்லச் சொல்ல வதனி எழுதினாள். இரண்டு பேரின் இத்தாலியனிலும் தேவையில்லாத சொல்லே இல்லாததால் இடம் மிஞ்சியது. மேல்மாடிக்காரர் நீளத்தையும் அகலத்தையும் சரிபார்த்து, மறுநாளே முத்திரை குத்தி, சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லித் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். இலக்கத்தில் மட்டும் ஒரு சிக்கல். பதினேழாம் இலக்கத்தை ராசியில்லை என்று ஒருவரும் எடுக்கவில்லை. சின்யோரா எடுத்துக்கொண்டார்.

வெள்ளி இரவே பாலைவனத்து மண்ணோடு சிறோக்கோ காற்று தொடங்கிவிட்டது. சனி விடிய வானம் மண்நிறமாக இருந்தது. மழை வந்து யுத்தம் ஞாயிறுக்குத் தள்ளிப்போனால் வதனி தொலைந்தாள். ஞாயிறு மே பதினெட்டு. அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறவர்களில் அவளும் ஒருத்தி. வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்கும் ஒரே லீவு அது. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோவெடுத்தது. இருக்க முடியாமல் தகட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். பித்தளை பொன் மாதிரி வந்தது.

எட்டு மணிக்கு நிறுவகத்தில் றெஜி காத்திருந்தான். பொருட்களை வெள்ளைக் கையுறை போட்ட உத்தியோகத்தர் மட்டுமே தொடலாம் என்பது விதி. றெஜி தன்னுடைய கையுறையைக் கழற்றிச் சின்யோராவின் கையில் மாட்டிவிட்டான். நிலவறை வாசல் சுவரில், நாற்காலியின் உயரத்துக்கு, சின்யோரா நாலு ஸ்குரூவையும் தானே முறுக்கினார். அரை மணித்தியாலம் பிடித்தது. கடைசி ஸ்குரூ இறுகியதும் தகட்டில் கையை வைத்துக்கொண்டு, தன் பாஷையில் ஏதோ ஒரு வசனம் சொன்னார். வதனிக்கு அந்தப் பாஷை தெரியாது. மன்னிப்புக் கேட்கிறார் என்று தெரிந்தது.

பத்தரைக்கு யுத்தம் தொடங்கியது. வாசலில் எல்லாருக்கும் அடையாள அட்டை. முதலில் பாதிப் பேருக்கு ‘அ’, பாதிப் பேருக்கு ‘ஆ’ என்றும், ‘ஆ’ அட்டைக்காரர் குளிர்ப் பக்கம் இருக்க வேண்டும் என்றும்தான் திட்டம். ஒத்திகையில் ‘ஆ’ கிடைத்த ஒரு பல்வைத்தியர் சத்தம் போட்டதால், எல்லாருக்கும் ‘அ’ அடித்துவிட்டார்கள். இரண்டாம் அறையில் பாண் வரிசை. பாண் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டிய நடிகை, சனம் பாவம் என்று எல்லாருக்கும் எள்ளுப் பாண் கொடுத்தாள். பிறகு சைரன். எல்லாரும் சிரித்துக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் நிலவறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

புரொபெசோரே பேசினார். “நண்பர்களே, இங்கே கொன்றவர் இல்லை. கொல்லப்பட்டவரும் இல்லை. வாழ்ந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். யுத்தத்திலிருந்து யுத்தத்தைப் பிரித்தெடுக்க எங்களுக்கு நாலு வருடம் பிடித்தது.”

“நல்ல யுத்தம்,” என்று சின்யோரா வதனியின் காதில் சொன்னார். “எனக்கு உது கிடைக்கேல்லை.”

அடுத்துப் பிரதம விருந்தினர். எல்லாரும் ஒனொரேவோலே, அதாவது கனம் பொருந்தியவர், என்று அழைத்த அரசியல்வாதி. “யுத்தம் நல்லதல்ல,” என்று துணிந்து தொடங்கினார். “ஆனால் முறையாக ஒழுங்குசெய்தால், அதுவும் இலையுதிர் காலத்தில், ஒரு நகரத்தின் ஹோட்டல் தொழிலுக்கு அது செய்யக்கூடிய சேவையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.” கைதட்டல்.

நிகழ்ச்சிநிரலில் ஆறாவது: ஒனொரேவோலே ஒரு பொருளின் குறிப்பை உரக்க வாசிப்பார். முதலாம் இலக்கக் கோப்பிக் கோப்பைக்கு ஆயத்தம் செய்திருந்தார்கள். ஆனால் படம்பிடிக்கிறவன் நிலவறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புளியில் குளித்த பித்தளையைக் காட்டினான். வெளிச்சம் அதில்தான் நன்றாக விழுகிறதாம். ஒனொரேவோலே பதினேழைப் பார்த்ததும் ராசிக்கேடு அண்டாதபடி காற்சட்டைப் பைக்குள் விரலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, நல்ல கட்டைக் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

“பெயர்ப்பலகை. பித்தளை. உரிமையாளர் மிலான் ஒப்ராடோவிச், புவியியல் ஆசிரியர். மனைவி பயத்தில் இதைக் கழற்றினாள். பக்கத்து வீட்டுக்காரன் கதவைக் காட்டிக்கொடுத்தான். அரை மணித்தியாலத்தில் விடுவோம் என்று எங்கள் ஆட்கள்தான் கூட்டிப்போனார்கள். உரிமையாளர் இன்னும் வரவில்லை. பலகை இங்கே இருக்கிறது.”

அவர் அடுத்த வரியைத் தேடினார். அடுத்த வரி இல்லை. “இன்னும் வரவில்லை,” என்று தன்னையறியாமல் மறுபடி வாசித்தார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் போனை இறக்கினார்கள்.

“இது... இது நாலாம் அறை அல்லவா?” என்று புரொபெசோரே ஈனக்குரலில் கேட்டார்.

“பொருள், புரொபெசோரே,” என்றாள் தோத்தோரெஸ்ஸா. “பொருட்களுக்குப் பக்கம் கிடையாது. மேல்மாடி முத்திரை இருக்கிறது.”

சின்யோரா நிமிர்ந்து இருந்தார். முப்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு அவர் புருஷனின் பெயரை ஒரு பெரிய மனிதன் சபையில் வாசித்திருக்கிறான். அவருக்குச் சந்தோஷமாக இருந்தது; அதை மறைக்கவும் இல்லை.

புரொபெசோரே நிலைமையைக் காப்பாற்ற விருந்தினரை அவசரமாக மண்மூட்டைப் பக்கம் திருப்பினார். “எங்கள் பெருமை இதுதான். ஸ்லாவோனியக் கைத்தறி...”

ஒனொரேவோலேக்கு இப்போது குறிப்பு வாசிக்கிற பழக்கம் தொற்றிவிட்டது. “இதன் குறிப்பு எங்கே?” என்றார்.

இல்லை. ஐம்பத்திரண்டு மண்மூட்டை, ஒரு குறிப்பும் இல்லை. பதினோராம் விதிப்படி குறிப்பில்லாத பொருள் காட்சியில் இருக்கக் கூடாது. உடனே அகற்ற வேண்டும். அகற்றினால் ஈச்சங்குற்றி முழுக்க விருந்தினர் தலையில் இறங்கும். தோத்தோரெஸ்ஸா ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு, இதை யார் நிரப்புவது என்று சுற்றிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்கள் எழுதுங்கோ,” என்று றெஜி வதனியைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

“எனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாட்டி உதிலை நிக்கிற ஆருக்குத் தெரியும்?”

வதனி பேனையை வாங்கினாள். பொருளின் பெயர்: மண்மூட்டை. அதுவரைக்கும் சுகம். உரிமையாளர் என்ற கட்டத்துக்கு வந்ததும் அவள் நின்றாள். வருடம் எழுதப் படிவத்தில் இடமே இல்லை. ‘1991–1995’ என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். அதை ஒருமுறை பார்த்தாள். பிறகு நிற்காமல் எழுதினாள்.

புரொபெசோரே தாளைப் பிடுங்கி வாசித்தார்.

“மண்மூட்டை. சேலைத் துணி. உரிமையாளர் வசீகரன். வாயை மடித்துத் தைக்கக் காட்டியவர். மே மாதம் பதினேழாம் திகதி வட்டுவாகல் பாலத்தடியில் பெயர் பதிந்து பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். தங்கை கையளித்தாள். உரிமையாளர் இன்னும் வரவில்லை.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “வட்டு... வாகல். இப்படி ஓர் ஊர் என் வரைபடத்தில் இல்லையே?”

ஒனொரேவோலே காத்துக்கொண்டிருந்தார். புரொபெசோரேயின் முகத்தில் மெல்ல ஒரு துயரம் படர்ந்தது. ஏழு புத்தகம் எழுதிய துயரம். “உண்மைதான்,” என்றார் சபைக்கு. “போரில் எத்தனையோ சிற்றூர்கள் வரைபடத்திலிருந்தே போய்விட்டன. இருந்தாலும் விதி விதிதான். அத்தாட்சி பெற்ற சாட்சி உறுதிப்படுத்த வேண்டும். சின்யோரா நெவென்கா, இந்த இடம் உங்களுக்குத் தெரியுமா?”

வதனி சின்யோராவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அண்ணனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போய், இவன்தான், எழுதுங்கோ என்று ஆமியிடம் கொடுத்ததை ஆறு வருடத்தில் அவள் சின்யோராவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அது புரொபெசோரேயின் கையில் நாற்பது சொல்லுக்குள் இருந்தது.

சின்யோரா வெள்ளைக் கையுறை போட்ட கையால் தாளை வாங்கினார். லமினேட் செய்த சான்றிதழ் அவர் மடியில் இருந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

“ஓம், தெரியும்,” என்றார். “அந்தப் பாலத்தடியிலைதான் நானும் நிண்டனான்.”

கையெழுத்துப் போட்டார். புரொபெசோரே முத்திரையைக் குத்தினார். வெளியே மழை பெய்யவில்லை. யாரும் சொல்லாமலே றெஜி அந்தக் குறிப்பைப் பூட்ட நாலு ஸ்குரூவோடு வந்து வதனிக்குப் பக்கத்தில் நின்றான்.